புஞ்சைப் பாதையும் பொதுப் பாதையும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமியில் பங்குனி மாதத்தில் பிரயாணம் செய்கிறவருக்குப் பாதை எது, புஞ்சை எது என்று பிரித்தறிவது எளிதன்று. பருத்தியும் மல்லியும் எடுத்த பிறகு வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தில், முன்காலத்தில் மாட்டுவண்டியும் இக்காலத்தில் டிராக்டரும் குறுக்கு வழி கண்ட இடமெல்லாம் போகின்றன. நிலத்துக்குடையவரும் தடுப்பதில்லை, அவருடைய வண்டியும் அடுத்தவர் புஞ்சையில்தானே போக வேண்டியிருக்கிறது! மழை விழுந்து விதைப்பு முடிந்தவுடன் அதே தடத்தில் சீமைக்கருவேல முள் வெட்டிப் போடப்படும். கரிசல் மண் சேறாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல வழியின் அருமை தெரிகிறது. வழக்கும் அப்பொழுதுதான் பிறக்கிறது.

இவ்வழக்குகளில் இரு தரப்பாரும் ஒரே தவறான எண்ணத்தை வைத்துக்கொண்டு வாதாடுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். இருபது வருஷம் ஜனங்கள் நடந்துவிட்டால் அது பொதுப் பாதையாகிவிடும் என்பதே அவ்வெண்ணம். நடக்கிறவர்கள் அதை நம்பி உரிமை கொண்டாடுகிறார்கள். பட்டாதாரர் அதையே நம்பிப் பயந்து, முதல் வருஷத்திலேயே முள்ளைப் போட்டு அடைத்துவிடுகிறார். ஒருவருக்கொருவர் காலங்காலமாகக் காட்டிவந்த இணக்கம் இப்படி ஒரு பிழையான கணக்கினால் கெட்டுப்போகிறது.

இருபது வருஷக் கணக்கு 1882-ம் வருஷத்திய இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-வது பிரிவிலிருந்து வந்தது. அது ஒரு நிலத்துக்குப் போவதற்காக மற்றொரு நிலத்தின்மேல் உள்ள தனிப்பட்ட வழிப் பாத்தியதையைப் பற்றியது. ஊருக்கெல்லாம் சாலை உண்டாவதைப் பற்றியதன்று. அந்தப் பாத்தியதைக்குங்கூட, பகிரங்கமாகவும், சச்சரவின்றியும், இடைவிடாமலும், உரிமை என்றே கொண்டும் 20 வருஷம் அனுபவித்திருக்க வேண்டும். சர்க்கார் நிலமானால் 30 வருஷம். உடையவர் அனுமதித்ததால் நடந்தவரோ, எத்தனை வருஷம் நடந்தாலும் அனுமதி பெற்றவரே. ஆகையால் கோடையில் பக்கத்துக்காரர் வண்டிக்கு வழிவிடுகிற குடியானவர் தம் நிலம் பறிபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சம்மதத்தின்பேரிலேயே வண்டி போகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், அது முள்ளைக் காட்டிலும் பலமான காவல்.

இங்கிலாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே 1980-ம் வருஷத்திய நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுஜனங்கள் 20 வருஷம் உரிமையாக நடந்துவிட்டால் நிலத்துக்குடையவர் அதைப் பாதையாக அர்ப்பணித்ததாகவே கொள்ளப்படும். அவ்வெண்ணம் தமக்கில்லை என்கிறவர் அறிவிப்புப் பலகை வைக்கலாம். வரைபடத்தோடு வாக்குமூலம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்திடம் கொடுக்கலாம். நமது ஈஸ்மெண்ட் சட்டத்தில் இப்படிப்பட்ட விதி கிடையாது. நெடுங்கால உபயோகத்திலிருந்து அர்ப்பணத்தை ஊகிக்க நம் கோர்ட்டுகளுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே வருஷக் கணக்கு மாத்திரம் போதாது, உடையவருடைய எண்ணமும் தெரிய வேண்டும்.

நம் பகுதியில் எந்தப் பாதை பொதுப் பாதை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பழைய அளவைக் கணக்கே பதில் சொல்லும். திருச்சுழிப் பகுதி 1803-ல் நிரந்தர பைசல் செய்யப்பட்ட ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1948-ம் வருஷத்திய எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி ஜமீன் சர்க்கார் வசமானபோது, பொது நிலங்களும் புறம்போக்குகளும் சர்க்காரைச் சேர்ந்தன. பின் நடந்த செட்டில்மெண்டில் வண்டிப்பாதை என்று எழுதப்பட்டவை தனி சர்வே எண் பெற்றன. எழுதாமல் விட்டவை பக்கத்துப் பட்டாவில் கலந்தன. அப்படிக் கலந்ததனாலேயே ஊராரின் பழைய பாத்தியதை அற்றுப்போவதில்லை. ஆனால் நிரூபிக்கிற சுமை அவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே முள்ளை வெட்டுவதற்கும் வக்கீலைத் தேடுவதற்கும் முன்னால், கிராம நிர்வாக அதிகாரியிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்ப்பது நலம். புறம்போக்கு என்றிருந்தால் 1905-ம் வருஷத்திய ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. தகராறுக்கே அதிக இடமில்லை.

தகராறெல்லாம் பட்டா நிலத்தில் போகும் பாதையைப் பற்றியதுதான். இதில் கிராமப் பஞ்சாயத்துகளின் வழக்கம் ஒன்றை நான் குறை கூறியே ஆக வேண்டும். நாலு பேர் பட்டாதாரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவர் தலையசைக்கிறார், அடுத்த மாதம் புஞ்சையில் சரள் கொட்டப்படுகிறது. நூறு நாள் வேலையில் போட்ட மண்பாதைகளுக்குள்ளும் இத்தகையவை உண்டு. தலையசைத்தவர் காலமானபின் மக்கள் பாகம் பிரிக்கிறார்கள்; பாகப் பத்திரத்தில் பாதையே இல்லை; நிலத்தை வாங்கியவர் அளந்து கல் நடுகிறார். சரளும் போயிற்று, வழியும் போயிற்று.

சரள் கொட்டியதனாலேயே நிலம் சர்க்காருடையதாகிவிடாது. ஹிமாசலப் பிரதேசத்தில் 1967-ல் ஒரு விதவையின் நிலத்தை எடுத்து, ஈடு கொடுக்காமல் சாலை போட்டார்கள். வாய்மொழிச் சம்மதம் இருந்தது என்று சர்க்கார் சொன்ன வாதத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் தள்ளி, எண்பது வயதான அம்மூதாட்டிக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. குடிகளின் நிலத்தில் சர்க்காரே அனுபவ பாத்தியதை கொண்டாட முடியாதென்றும் தீர்ப்பில் கண்டிருக்கிறது. அவர் காத்திருந்தது அரை நூற்றாண்டுக்கு மேல்.

ஆகவே என் அபிப்பிராயம், சரளுக்கு முன் பத்திரம் வேண்டும் என்பதே. நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுப்பது வேறு. அதற்குச் சட்டமும் நஷ்டஈடும் தனியாக உண்டு. அங்கே தானம் கொடுக்கும்படி யாரையும் கேட்பது நியாயமன்று. ஊர்ப் பாதைக்கோ தானபத்திரமே தெளிவான வழி. 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டப்படி, இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பஞ்சாயத்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டாவானால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். பிறகு சர்வேயர் உட்பிரிவு செய்து பட்டாவையும் திருத்தினால்தான் வேலை முடிந்ததாகும். இந்தக் கடைசிக் காரியம் பாதி ஊர்களில் நடப்பதில்லை!

மதுரை நகரசபை வழக்கொன்றில், 1902-ல் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பாஷ்யம் அய்யங்கார் கூறிய தீர்ப்பு இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. தெரு நகரசபையைச் சேர்ந்தது என்று சட்டம் சொன்னால், தெருவாக வைத்துக்கொள்ளத் தேவையான மேற்பரப்பின் அதிகாரமே அதற்கு வருகிறது. அடிநிலத்தின் சொந்தம் அதனால் மாறுவதில்லை என்றார் அவர். தானபத்திரத்தில் நிலமே கைமாறுகிறது. ஆதலால் பாதைக்காக மாத்திரமே கொடுப்பதாகவும், வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாகாதென்றும் எழுதுவித்துக்கொள்வது கொடுப்பவருக்குப் பாதுகாப்பு.

கொடுப்பது எவ்வளவு? சதுரமான ஓர் ஏக்கர் புஞ்சையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 208 அடி. அதன் ஓரமாய் 12 அடி அகலம் விட்டால் ஆறு செண்டுக்குச் சற்றுக் குறைவு. பொழியின் இரு பக்கத்தாரும் ஆறு ஆறு அடி விட்டால் தலைக்கு மூன்று செண்டுகூட ஆகாது. ஒருவர் தலையிலேயே முழுவதையும் சுமத்துவதுதான் நம் ஊர்களில் மனஸ்தாபத்துக்கு வேர். பாதையால் பயனடையும் மற்றப் புஞ்சைக்காரர்கள் பத்திரச் செலவையாவது பங்கிட்டுக்கொள்ளலாம்.

பாகம் பிரிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உட்புறத்துப் பங்குக்கு வழியில்லாமல் போனால், மற்றப் பங்குகளின்மேல் அவசிய வழியைச் சட்டத்தின் 13-வது பிரிவு கொடுக்கிறது. ஆனாலும் அதைக் கோர்ட்டில் கேட்டு வாங்குவதற்குப் பதில், பாகப் பத்திரத்திலேயே அடிக்கணக்கோடு எழுதிவிடலாம்.

சித்திரை, வைகாசியில் புஞ்சைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. சங்கிலி பிடித்து அளப்பதற்குத் தடையில்லை. மே மாதம் 1-ந் தேதி கிராம சபை கூடுகிறது. அன்றே பாதைகளின் ஜாபிதாவை வாசித்துத் தீர்மானம் செய்தால், புரட்டாசி விதைப்புக்குள் பத்திரமும் உட்பிரிவும் முடித்துவிடக் காலம் போதும்.