அனிமேயிற் புதுமை குன்றியதோ?

யப்பானிய அனிமேத் தொடர்கள் பண்டைய தனித்தன்மையை இழந்தன என்பர் பலர். வேற்றுலகிற் புகும் வீரனின் கதையே மீண்டும் மீண்டும் வருதலைக் காணுங்கால், அவர் கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும், தழுவலைக் குற்றமெனல் பொருந்தாது. 1963 இல் வந்த 'அஸ்ட்ரோ போய்' தொடரும் ஒசாமு தெசூக்காவின் சித்திரக்கதையினின்று பிறந்ததன்றோ?

புதிதாய்ப் புனையப்பட்ட 'மொபைல் சூட் கண்டாம்', 1979 இல் தொடங்கி, 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டும், பார்ப்போர் குறைந்தமையால் 43 உடன் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பே அதற்குப் பெரும்புகழ் ஈட்டியது. இன்று பல நிறுவனங்கள் கூடி முதலிடும் தயாரிப்புக் குழுக்கள், அத்தகைய நட்டத்துக்கஞ்சி, முன்னரே விலைபோன கதைகளையே பெரிதும் நாடுகின்றன. கலைஞரிடத்துக் கற்பனை வற்றவில்லை என்பதற்கு, 2011 இல் புதுக்கதையாக வந்து வெற்றிகண்ட 'மடோக்கா மஜிகா' சான்றாகும். பழையதைப் போற்றும் நாம், புதியதை முளையிலேயே கிள்ளாது, பொறுத்திருந்து பார்க்கப் பழகுதல் வேண்டும்.