துண்டுகள் வேறு, படிகள் வேறு

தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று இரவு தீப்பிடித்தது. மின்தடை நேரத்தில் கணினிகளை இயங்கச் செய்யும் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து அது. தீயை முற்றிலும் அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றுபோயின. அஞ்சலக வங்கிச் சேவை, கைப்பேசி அடையாள அட்டை, அரசுச் சான்றிதழ்களை வழங்கும் இணையதளம் என அன்றாட வாழ்வின் பல சேவைகள் முடங்கின.

நின்றவை படிப்படியாக மீண்டன. மீளாமல் போனது 'ஜி-டிரைவ்' என்ற பொதுச் சேமிப்பகம். ஏறத்தாழ 1,25,000 அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் ஆவணங்களை அதில் வைத்திருந்தனர். மொத்தம் 858 டெராபைட் தரவு. வேறு எங்கும் அதற்கு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியிடத்தில் நகல் எடுக்கும் வசதி செய்யப்படவில்லை என்பது அதிகாரிகள் கூறிய காரணம்.

இத்தகைய விபத்துக்குப் பிறகு எழும் கேள்வி, ஒரே இடத்தில் பெரிதாகச் சேமிப்பதா, பல இடங்களில் சிறிது சிறிதாகச் சேமிப்பதா என்பது. இன்று இக்கேள்வி அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. குடும்பத்தின் நான்கைந்து கைப்பேசிகளிலிருந்து வந்து குவியும் படங்கள், பத்திரங்களின் மின்நகல்கள், திருமணக் காணொளிகள் ஆகியவற்றை வைக்க, வீட்டிலேயே சேமிப்பு சர்வர் ஒன்றை வாங்கி வைப்போர் பெருகி வருகின்றனர். பெரிய பெட்டி ஒன்றா, சிறிய பெட்டிகள் பலவா என்று அவர்களும் தயங்குகின்றனர். பலவாகப் பிரிப்பதே பாதுகாப்பு என்பது பொதுவாகக் கிடைக்கும் விடை. பொருளியல் படித்தவர்களும் அவ்விடையை யோசிக்காமல் சொல்லிவிடுவது வியப்பளிக்கிறது. எளிய கணக்கு ஒன்றே அதைப் பொய்யாக்கிவிடும்.

ஒரு குடும்பம் 40 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரே சேமிப்பகத்தை வாங்குகிறது என்று கொள்வோம். ஓராண்டில் அது அடியோடு பழுதாகும் வாய்ப்பு 2 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குக்காகக் கொண்ட எண் இது. அதற்குப் பதிலாக, அதே அளவு பழுது வாய்ப்புள்ள 10 டெராபைட் சேமிப்பகங்கள் நான்கை வாங்கித் தரவைப் பிரித்து வைத்தால், நான்கில் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பு ஏறத்தாழ 7.8 சதவீதமாக உயர்கிறது. ஆனால், பழுதாகும்போது இழப்பது நான்கில் ஒரு பங்கு மட்டுமே. எதிர்பார்க்கத்தக்க இழப்பின் சராசரியைக் கணித்தால் இரண்டு ஏற்பாட்டிலும் ஆண்டுக்கு 0.8 டெராபைட். சிறிதும் வேறுபாடில்லை. பேரிழப்பை அரிதாகச் சந்திப்பதா, சிறு இழப்பை அடிக்கடி சந்திப்பதா என்ற தேர்வு மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதற்கும் நான்கு பெட்டிகளின் மின்செலவையும் பராமரிப்பையும் விலையாகக் கொடுக்க வேண்டும். எந்த ஆவணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற குழப்பம் தனி.

இழப்பைக் குறைப்பது பிரித்தல் அன்று, படியெடுத்தல். ஒரே தரவின் இரு முழுப் படிகள் இரு சேமிப்பகங்களில் இருந்தால், இரண்டும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 10,000-இல் 4 ஆகச் சுருங்கிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றின் பழுதுக்குக் காரணமாவது மற்றொன்றைத் தொடக்கூடாது. 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் முதலீட்டைப் பரவலாக்குவது பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் உயிர்நாடியும் இதுவே. பத்து நிறுவனங்களின் பங்குகளை வாங்கினாலும் பத்தும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குமானால், பரவலாக்கியதால் பயன் ஏதுமில்லை.

கொரியாவுக்குத் திரும்புவோம். அந்த அரசு தன் தரவுகளையெல்லாம் ஒரே கட்டடத்தில் குவித்துவிடவில்லை. தேஜானுடன் குவாங்ஜூ, தேகு ஆகிய நகரங்களிலும் அதற்கு மையங்கள் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் பரவலான ஏற்பாடுதான். ஆனால், ஜி-டிரைவைப் பொறுத்தவரை மற்ற இரு மையங்கள் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதன் படி எதுவும் அங்கே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 அக்டோபரில், அதே நாட்டின் பாங்கியோ பகுதியில் ஒரு தனியார் தரவு மையம் தீப்பற்றியபோது 'ககாவ் டாக்' என்ற செய்திச் செயலி முடங்கி நாடே தவித்தது. அப்போது தனியார் நிறுவனத்தைக் கடிந்துகொண்டு, மாற்று ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் திருத்திய அரசு, அதே அளவுகோலைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

படிகள் இருந்தும் அவை ஒரே இடத்தில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு பிரான்ஸ் எடுத்துக்காட்டு. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மைய வளாகத்தில் தீப்பிடித்தது. அருகருகே நான்கு மையங்கள் இருந்தன. ஒன்று முற்றிலும் எரிந்தது, ஒன்று பகுதி எரிந்தது, எஞ்சிய இரண்டும் நிறுத்தப்பட்டன. நகலுக்கென்று தனிக் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் ஒருவரின் நகல், மூலம் இருந்த அதே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்து எரிந்துபோனது. 2023-இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

படிகள் ஏன் இவ்வளவு எளிதில் கைவிடப்படுகின்றன? கணக்கு ஏட்டில் அவை வீண்செலவாகத் தெரிவதுதான் காரணம். ஒரே ஆவணம் இரண்டு இடங்களில் இருப்பதைத் திறமைக்குறைவு என்று கருதவே நிர்வாகம் பழகியிருக்கிறது. எங்கள் துறையின் பாடநூல்களுக்கும் அதில் பங்குண்டு. கொரிய ஊழியர்கள் ஆவணங்களைத் தத்தம் மேசைக் கணினிகளில் வைக்காமல் ஜி-டிரைவில் மட்டுமே வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தனர். ஒழுங்கு கருதிச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, யாரும் திட்டமிடாமலேயே ஆயிரக்கணக்கான மேசைகளில் சிதறிக் கிடந்திருக்கக்கூடிய படிகளையும் இல்லாமலாக்கியது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து மடங்களிலும் வீடுகளிலும் தேடி, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அவை நம் கைக்கு வந்ததற்கு அவருடைய உழைப்போடு, வெவ்வேறு ஊர்களில் படிகள் தங்கியிருந்ததும் ஒரு காரணம். 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றுக்கு உலகில் எங்கேனும் வேறு படிகள் இருந்தன. ஒற்றைப்படியாக இருந்த சுவடிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

'மிகப் பெரிது' என்ற சாக்கையும் எடைபோட்டுப் பார்க்கலாம். 858 டெராபைட்டை 1,25,000 பேருக்கு வகுத்தால் ஒருவருக்கு 7 ஜிகாபைட்டுக்கும் குறைவு. மாணவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் பென் டிரைவில் பாதி இடம் போதும். கடைகளில் விற்கும் 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில் வைப்பதானால் 43 வேண்டும்; ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். நாள்தோறும் நகலைப் புதுப்பிக்க வலையமைப்பும் ஆட்களும் தேவை, அதன் செலவு வட்டுகளின் விலையைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஒரு செல்வந்த நாட்டின் அரசுக்கு எட்டாத செலவு அன்று.

வீட்டுக்கு வருவோம். கடைக்காரர்கள் 'ரெய்டு' என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைப்பார்கள். ஒரே பெட்டிக்குள் பல ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, ஒன்று பழுதானாலும் மற்றவை தரவைக் காக்கும்படி செய்வது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், தீ, திருட்டு, வெள்ளம், தவறுதலாக அழித்தல் ஆகியவற்றிலிருந்து அது காக்காது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, ஒரு பெட்டிக்குள் எத்தனை வட்டுகள் இருந்திருந்தாலும் ஒன்றுதான். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற நச்சு மென்பொருள், இணையத்தில் திறந்திருந்த கியூநாப் நிறுவனச் சேமிப்பகங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய பெட்டிகள் இரண்டை ஒரே வீட்டில், ஒரே இணைய இணைப்பில் வைத்திருந்தவருக்கு இரண்டாவது பெட்டியால் பெரும் பயன் இருந்திருக்காது.

என் கருத்தில், வீட்டுக்குப் பெரிய சேமிப்பகம் ஒன்று போதும். அதனுடன் சிறிய ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைக்கலாம். உள்ளடக்கத்தைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டால் பிறர் பார்ப்பார்களே என்ற தயக்கமும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் படி வேண்டியதில்லை என்பதுதான் இதில் செலவைக் கட்டுக்குள் வைக்கும். மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்கள் பெரும் இடத்தை அடைக்கும். அவை போனால் போகட்டும். சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை, மறைந்த பெற்றோரின் படங்கள், அவர்களின் குரல் பதிவு ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. பெரும்பாலான வீடுகளில் அவை ஒன்றிரண்டு டெராபைட்டைத் தாண்டாது. எதற்கு இரண்டாவது படி வேண்டும் என்று வகை பிரிப்பதற்குப் பணம் தேவையில்லை, இரண்டு மாலை நேரம் தேவை. அந்த வேலையைத் தவிர்க்கத்தான் பலர் இன்னும் பெரிய பெட்டியை வாங்குகின்றனர்.

படி இருப்பது மட்டும் போதாது. வேண்டும்போது அது இயங்க வேண்டும். 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் வர்த்தகம் ஏறத்தாழ 4 மணி நேரம் நின்றது. மாற்று மையம் ஒன்று இருக்கவே செய்தது. ஆனால், வர்த்தகம் அதற்கு மாற்றப்படவில்லை. பின்னர், 2024 மார்ச் 2 சனிக்கிழமை சிறப்பு வர்த்தகம் நடத்தி, நாள் நடுவிலேயே மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினர். வங்கிகள் தங்கள் முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒரு முறையேனும் இத்தகைய ஒத்திகை நடத்த வேண்டும் என்பது இப்போது ரிசர்வ் வங்கியின் விதி.

பணத்துக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, குடிமக்களின் ஆவணங்களுக்கும் வேண்டும். தில்லி, புணே, ஹைதராபாத், புவனேசுவரம் உள்ளிட்ட நகரங்களில் தேசிய தகவலியல் மையத்தின் தரவு மையங்கள் இயங்குகின்றன. மாநில அரசுகளுக்குத் தனி மையங்கள் உள்ளன. பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்புப் பதிவு எல்லாம் கணினிக்கு மாறிவிட்டன. எத்தனை மையங்கள், எத்தனை டெராபைட் என்ற எண்களைத் திறப்பு விழாக்களில் கேட்கிறோம். ஒவ்வொரு துறையிலும் எந்தத் தரவுக்கு வேறு நகரில் முழுப் படி உள்ளது, அதிலிருந்து கடைசியாக எந்த நாளில் தரவு மீட்டெடுத்துப் பார்க்கப்பட்டது, அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்ற மூன்று விவரங்களை ஆண்டுதோறும் சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் அறிக்கையாக வைக்கலாம். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.