நியூட்ரல் பழக்கம்

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்த எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. பின்னால் நிற்பவர் கிளம்பினால் வாட்ச்மேன் நம் வண்டியைத் தள்ளி வழிவிடுவார். 11 வருடமாக அப்படிப் பழகிய கையோடுதான் போன மாதம் குன்னூர் போனேன்.

உறவினர் வீட்டுச் சந்து செங்குத்தான ஏற்றம். ஹேண்ட் பிரேக்கையாவது இழுத்தேனே, அதுவே பெரிது. இறங்கி டிக்கியிலிருந்து பெட்டியை எடுக்கும்போது கார் ஒரு சாண் என்னை நோக்கி நகர்ந்தது. பெட்டியைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகினேன். எதிரே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு கல்லோடு ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார்.

"கியர்ல போடலையா தம்பி?"

அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. வண்டி ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல, இன்ஜின் ஏறக்குறைய 12 முதல் 15 முறை சுழல வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை ஒவ்வொரு முறையும் அமுக்கிக்கொண்டு அத்தனை சுற்று சுற்றுவது உருளப் பார்க்கும் வண்டிக்கு லேசான காரியமில்லை. ஐந்தாவது கியரில் மூன்று நான்கு சுற்றே போதும் என்பதால் அது பிடிக்காது. ஆனால் அமுங்கிய காற்றும் மெல்லக் கசியும். கியரை மட்டும் நம்பக் கூடாது. ஹேண்ட் பிரேக்கோ, பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஒரு கேபிள்தான். நாளாக ஆகத் தொய்யும். என்னுடையது தொய்ந்திருந்தது.

கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் காலை மெல்ல எடுத்துப் பார்க்கச் சொன்னார். நின்றால்தான் கியர். அப்புறம் ஸ்டியரிங். இறக்கத்தில் சக்கரத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஏற்றத்தில், நடைபாதைக் கல் இருந்தால் வலப்பக்கம். பின்னால் உருண்டாலும் டயர் கல்லில் முட்டி நிற்கும். கல் இல்லாத மலைச்சாலையில் ஏற்றமோ இறக்கமோ, மண்சுவர் இருக்கும் இடப்பக்கம்.

"இடப்பக்கம் பள்ளமா இருந்தா?"

"அங்க எதுக்கு நிறுத்தறீங்க?"

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவும் இதைத்தான் வேறு பாஷையில் சொல்கிறது: ஓட்டுநர் இல்லாத வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ வைக்க வேண்டும். கல் அந்த 'வேறு ஏற்பாட்டில்' சேரும் என்றே நினைக்கிறேன். ஆனால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? நடுரோட்டில் விட்டுப்போன கல்லில், இருட்டில் பைக்கில் வருகிறவர்தான் விழுகிறார்.

சென்னை திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் மணி அடித்தது. வாட்ச்மேன். பின்னால் வியர்க்க வியர்க்க மூன்றாவது மாடிக்காரர்.

"ரெண்டு பேர் தள்ளியும் உங்க வண்டி நகர மாட்டேங்குது சார்."