பின் சக்கர விவகாரம்

சென்ற மாதம் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம்மிடம் பௌதிக சாஸ்திரம் பயின்ற பழைய மாணாக்கர். குசலப் பிரசினங்கள் எல்லாம் முதல் நான்கு வரியில் முடிந்துவிட்டன. ஐந்தாவது வரியில் விவகாரம் ஆரம்பித்தது.

"ஸார், உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று தாங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. அது வாஸ்தவமானால், இந்த ஊரில் அகலமான டயருக்கு எல்லோரும் ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள்? என்னிடம் ஒரு மஸ்டாங் கார் இருக்கிறது. வாரநாட்களில் அதில்தான் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறேன். கோடைக் காலத்துச் சனிக்கிழமைகளில் அதையே நார்வாக் பந்தயத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். பின் சக்கரங்களுக்கு எந்த டயர் போடலாம்?"

காரும் பந்தயமும் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். நமது வாகனம் சைக்கிள். ஆனால் கரும்பலகையைச் சாட்சிக்கு இழுத்த பிறகு வாத்தியார் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அதோடு அந்தக் கடிதத்தில் 'குழந்தை' என்று ஒரு சொல் இருந்தது. ஆகவே உட்கார்ந்து யோசித்தோம். யோசித்ததை நமது நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அந்தப் பந்தயம் இன்னதென்று சொல்லவேண்டும். வளைவில்லாத நேர்பாதை, நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். கம்பத்தில் விளக்குகள் வரிசையாக மினுக்கிப் பச்சை எரிந்ததும் இரண்டும் பாயும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இதற்கு 'டிராக்' பந்தயம் என்று பெயர். யுத்தத்துக்குப் பிந்திய வருஷங்களில் கலிபோர்னியா வாலிபர்கள் இதைத் தெருக்களிலேயே நடத்தி, தாங்களும் மாண்டு பிறரையும் மாய்த்தார்கள். 1950-இல் ஸாண்டா ஆனா என்ற ஊரில் விமான நிலையத்து ஓடுபாதையொன்றை இதற்கென்று ஒதுக்கினார்கள். மறு வருஷம் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தார். பையன்களைத் தெருவிலிருந்து திடலுக்கு அழைத்துவருவதே சங்கத்தின் நோக்கம். நம்மூரிலும் கதை ஏறக்குறைய இதுவே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகாலத்து விமானத் தளம் பந்தயத் திடலாயிற்று. பின்பு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பாதையே அமைத்தார்கள். இருந்தும் நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் நமது வாலிபர்கள் இன்னும் திடலுக்கு வந்தபாடில்லை. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

இனி நமது குற்ற ஒப்புதல். கரும்பலகையில் நாம் எழுதிய விதி மரக்கட்டைக்கும் இரும்புப் பாளத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. கட்டையை மேசைமேல் வைத்தால், இரண்டு பரப்புகளிலும் உள்ள நுண்ணிய மேடுகள் அங்கங்கே சில இடங்களில் மட்டுமே தொடுகின்றன. எடை கூடக்கூடத் தொடும் இடமும் அதே விகிதத்தில் கூடுகிறது. ரப்பரோ மிருதுவானது. சாலையின் மேடுபள்ளங்களுக்குள் தானே புகுந்து அவற்றின் அச்சாகிவிடுகிறது. அணுவுக்கு அணு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஏற்கெனவே நன்றாக ஒட்டியிருக்கும் ரப்பரின்மேல் எடையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை; குறைவாகவே கூடும். அதே எடையை இன்னும் அகன்ற பரப்பில் பரப்பினால் மொத்தப் பிடிப்பு அதிகமாகும். அகலமான டயருக்குப் பணம் கொடுப்பவர்கள் அசடுகள் அல்லர்.

எவ்வளவு அதிகம் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். உராய்வுக் குணகம் ஒன்றுக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டால், கார் எவ்வளவு பலமுள்ளதானாலும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு மேல் பாய முடியாது. அந்தக் கணக்கில் கால் மைலைக் கடக்க 9 விநாடி ஆகும். ஆனால் பெரும் பந்தயக் கார்கள், 2008-இல் அவற்றின் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்படுவதற்கு முன்பே, கால் மைலை 4½ விநாடிக்குள் கடந்துவிட்டன. இதில் காற்றை வாங்கிக் கீழே அழுத்தும் பெரிய இறக்கைக்கும் பங்குண்டு. ஆயினும் மிருதுவான ரப்பர் சாலையைப் பிடிக்கும் பிடிக்குப் பாடப்புத்தகத்தின் 'ஒன்று' போதாது என்பதில் சந்தேகமில்லை.

(ஓஹையோ என்றதும் நமக்கு வேறொரு ஞாபகமும் வந்தது. டயர்த் தொழிலின் தலைநகரென்று ஒரு காலத்தில் விளங்கிய ஆக்ரன் நகரம் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே உருவான டயர்களுக்கு வேண்டிய ரப்பர்ப் பாலில் பெரும் பகுதி மலாயாவிலிருந்து போயிற்று. விடியுமுன் எழுந்து அந்த மரங்களைச் சீவிய கைகளில் அநேகம் தமிழ்க் கைகள். அமெரிக்கச் சாலைகளில் நமது மக்களின் வியர்வையும் சிறிது தேய்ந்திருக்கிறது.)

விஷயத்துக்கு வருவோம். மாணாக்கருடைய காரின் பின் சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் ஏறத்தாழ 400 கிலோ எடை நிற்கிறது என்று கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 35 ராத்தல் காற்று இருந்தால், அது தரையைத் தொடும் இடம் நம்முடைய தபால் அட்டையைக் காட்டிலும் சற்றே பெரிது, அவ்வளவுதான். காற்றை 18 ராத்தலாகக் குறைத்தால் தொடும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பந்தயக்காரர்கள் திடலில் காற்றைக் குறைப்பதன் ரகசியம் இதுவே. கார் பாயும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. டயரின் மெல்லிய பக்கச் சுவர் வேஷ்டி மடிப்புப்போலச் சுருங்கி, தரையோடு இன்னும் நீளமாகப் படிகிறது. உயரமான பக்கச் சுவருள்ள டயரும், அதற்கேற்ற சிறிய இரும்புச் சக்கரமும் அவர்கள் நாடுவது இதனால்தான். அழகுக்காக வாங்கும் பெரிய சக்கரமும் ஒட்டினாற்போன்ற டயரும் திடலில் உதவா.

கடைக்காரர் இதற்கு மூன்று வழி காட்டுவார். சாலை டயரிலேயே சற்று மிருதுவான கோடைக்கால ரகம் ஒன்று. 'டிராக் ரேடியல்' என்னும் ரகம் இன்னொன்று. பார்வைக்குச் சாலை டயர், உள்ளத்தில் பந்தய டயர், சட்டமும் அதைச் சாலையில் அனுமதிக்கிறது. மூன்றாவது, பள்ளமே இல்லாத வழவழப்பான 'ஸ்லிக்'; அதைச் சாலைக்குக் கொண்டுவரவே கூடாது. ஒரே வண்டிக்கு இரண்டு வேலை என்றால் எல்லோர் கண்ணும் நடுவில் உள்ள டிராக் ரேடியலில்தான் போய் விழும். நம் மாணாக்கரும் அதைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு நம்மிடம் ஆசீர்வாதம் கேட்கிறார் என்று தோன்றிற்று.

நாம் ஆசீர்வாதம் செய்யவில்லை. டயர் சீக்கிரம் தேயுமே என்பதற்காக அல்ல. தேயத்தான் செய்யும். அமெரிக்காவில் டயரின் பக்கத்தில் தேய்மான எண் ஒன்றைப் பொறிக்கவேண்டுமென்பது சர்க்கார் விதி. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸான் ஆஞ்சலோ அருகே 400 மைல் சுற்றுப் பாதையில் வண்டிகளை ஓட்டிப் பார்த்து அளக்கும் முறை அது. 100 என்று குறித்த டயரைவிட 200 என்று குறித்தது அந்தப் பாதையில் இரண்டு மடங்கு உழைக்கவேண்டும். எண்ணை இடுகிறவர் உற்பத்தியாளரே. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. ஆனாலும் ஒரு மதிப்புக்கு உதவும். குடும்பக் கார் டயர்களில் 500, 600 என்று காணலாம். டிராக் ரேடியல்களில் 100, அதற்கும் கீழே, பூஜ்யம்கூட உண்டு. பணம் போனால் போகட்டும்; சம்பாதிக்கிறார், செலவழிக்கிறார். நமது ஆட்சேபம் மழையைப் பற்றியது.

நனைந்த சாலையில் டயரின் பள்ளங்கள் செய்யும் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. தள்ள முடியாத வேகம் வந்தால் டயர் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும்; பிடிப்பு அடியோடு போய்விடும். எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு விமானச் சக்கரங்களை ஆராய்ந்த அமெரிக்க நாஸா ஸ்தாபனத்தார் 1960-களில் ஒரு சூத்திரம் கண்டார்கள். டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். ஆழ்ந்த பள்ளங்களுள்ள டயர் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். பள்ளம் ஆழமில்லாத டயருக்கு இது நல்ல எச்சரிக்கை. 35 ராத்தலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 61 மைல். 18 ராத்தலுக்கு 44 மைல்தான்! பந்தயம் முடிந்து, ஜயித்த உற்சாகத்தில் காற்று நிரப்ப மறந்து, மாலை மழையில் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும் ஒருவரை நேயர்கள் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளட்டும். காற்றுக் குறைந்ததைக் காட்ட அந்தக் கார்களில் ஒரு விளக்கு உண்டு. திடலில் அது எரிந்துகொண்டே இருந்திருக்கும். ஆகவே கண்ணுக்குப் பழகியிருக்கும்.

இதிலும் பின் சக்கரம் என்பதுதான் பெரிய விசேஷம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடு என்று டயர்த் தொழிலாளர் எல்லோரும் சொல்வார்கள். முன் சக்கரம் வழுக்கினால் கார் வளையாமல் நேரே போகும். ஓட்டுகிறவன் உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பின் சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும். சாமானிய ஓட்டியால் மீட்க முடியாது. வண்டியை நேராக வைத்திருக்கும் காவல் பின் சக்கரத்திடம் இருக்கிறது. முன்னால் ஆழ்ந்த பள்ளமுள்ள சாலை டயரும், பின்னால் பள்ளம் ஆழமில்லாத டிராக் ரேடியலும் பூட்டினால், வெயிலில் அந்தக் காவல் இரட்டிப்பாகிறது. மழையில் அது முதலில் ஓடிப்போகிறது. திங்கட்கிழமை காலையில் குழந்தை உட்கார்ந்திருப்பது பின் ஆசனத்தில்.

ஓஹையோவின் பனிக்காலமும் இருக்கிறது. இந்த மிருதுவான ரப்பர் உறைநிலைக்குக் கீழே விறைத்துப்போகும். அந்த நிலையில் மடங்கினால் வெடிப்புக் காணலாம்.

ஆகவே நாம் எழுதிய பதில் இது: தம்பி, டயரை இரண்டு வேலைக்கும் பொதுவாகத் தேடாதே, வண்டி ஒன்றாகவே இருக்கட்டும், பின் சக்கரம் இரண்டு ஜோடியாக இருக்கட்டும். எப்போதும் காரில் இருப்பவை, மழைக்கும் இலேசான பனிக்கும் ஏற்ற எல்லாப் பருவச் சாலை டயர்கள். டிராக் ரேடியலைத் தனிச் சக்கரங்களில் பூட்டி, சனிக்கிழமை பின் ஆசனத்தை மடித்துப் போட்டு ஏற்றிக்கொண்டு போ. திடலில் ஜாக்கியை வைத்து மாற்ற அரைமணி நேரம் ஆகும். திருகுகளை அளவு காட்டும் திருப்புளியால் முடுக்கு. கை மதிப்பை நம்பாதே. இது உனக்கு மட்டும் நாம் கண்டுபிடித்த புது உபாயமன்று. ஹாட் ராட் பத்திரிகையார் 2005-இல் தொடங்கிய 'டிராக் வீக்' என்னும் போட்டியில், வாரம் முழுவதும் ஊருக்கு ஊர் சாலையில் ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு திடலிலும் பந்தயம் விடுகிறவர்களில் பலர், பந்தயச் சக்கரங்களைச் சின்னஞ்சிறு வண்டியில் ஏற்றிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னும் சில குறிப்புகளும் சேர்த்தோம். ஸ்லிக் வேண்டாம், ரேடியல் போதும். முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கு இழை ஸ்லிக்கும் கலந்தால் ஓட்டத்தின் முடிவில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது, வண்டி தளும்பும். பழைய சரக்கை மலிவென்று வாங்காதே. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். பந்தயக் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்திருப்பார்கள். டிராக் ரேடியலை அதில் சுழற்றிச் சூடேற்றலாம். சாலை டயரோடு போகும் நாளில் அதைச் சுற்றிக்கொண்டு போ. இல்லாவிட்டால் உன் டயரின் பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டுபோய்க் கோட்டில் கொட்டும், பின்னால் நிற்கிறவர்கள் உன்னை வைவார்கள். பிடிப்பு அதிகமானால் சக்கரம் சுழன்று வீணாகும் விசை அச்சுத் தண்டிலும் பல்சக்கரத்திலும் போய் இறங்கும். முன்பு டயர் விட்டுக்கொடுத்தது, இனி இரும்பு விட்டுக்கொடுக்கலாம். அதற்கும் பணம் எடுத்து வை.

கடிதம் போய் மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. நம் யோசனைப்படியே இரண்டாவது ஜோடி வாங்கிவிட்டாராம். முதல் சனிக்கிழமையே நேரம் அரை விநாடி குறைந்ததாம். திரும்பும் வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டதாம். மெதுவாக வீடு வந்து சேர்ந்தாராம். ஆனால் கடிதத்தின் அடியில் அவருடைய மனைவியின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது:

"ஸார், உறைகுளிரில் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும் என்று தாங்கள் எழுதினீர்களாம். ஆகையால் அந்த இரண்டு சக்கரங்களையும் பனிக்காலம் முழுவதும் சாப்பாட்டு அறையில்தான் வைக்கவேண்டும் என்கிறார். வேறு இடம் ஏதாவது எழுதி அனுப்பவேண்டும்."

அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம்.