அகதியின் உழைப்பும் முதலாளியின் கருணையும்

அகதிகளுக்குத் தொழில் வழங்கும் வர்த்தக நிறுவனங்கள் அண்மைக் காலத்திற் பெரும் பாராட்டைப் பெற்று வருகின்றன. கூடாரத்திலே பங்கீட்டு உணவுக்குக் காத்திருப்பவருக்கு ஒரு தையல் இயந்திரத்தைக் காட்டிவிட்டால் அவர் துயர் தீர்ந்துவிடும் என்றும், அரசுகளால் ஆகாததை முதலாளி ஆற்றிவிடுவார் என்றும் நம்புவோர் தொகை பெருகியுள்ளது. இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. ஆயின், எவ்விடத்தில் மெய், எவ்விடத்திற் பொய் எனப் பிரித்தறியாது கைதட்டுவதால் அகதிக்கு நன்மை விளையப்போவதில்லை. இதனைச் சோதித்தறிய ஜோர்தானிலும் சிறந்த களம் வேறில்லை.

சிரியாவில் 2011 இல் யுத்தம் மூண்டதன்பின் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சிரியர் ஜோர்தானில் அகதிகளாகப் பதிவு பெற்றனர். 2012 யூலையில் திறக்கப்பட்ட ஸாத்தரி முகாம் விரைவிலேயே ஒரு நகரமாயிற்று. அதற்கு அண்மையில், மஃப்ராக் பகுதியில், அரசு அமைத்த கைத்தொழில் வலயம் ஒன்று ஆளின்றிக் கிடந்தது. இரண்டையும் இணைத்தால் என்ன என்று ஒக்ஸ்போர்ட் பேராசிரியர்களான அலெக்சாண்டர் பெற்ஸ், போல் கொலியர் ஆகியோர் 2015 இல் எழுதினர். 2016 பெப்ரவரியில் இலண்டன் மாநாட்டில் இவ்வெண்ணம் உடன்படிக்கை வடிவம் பெற்றது. இரண்டு இலட்சம் சிரியருக்கு வேலைவாய்ப்பு என்பது இலக்கு. கைம்மாறாக, 18 வலயங்களில் உற்பத்தியாகும் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இலகுவான நிபந்தனைகளிற் சந்தையைத் திறந்துவிட்டது. சலுகை பெறும் தொழிற்சாலை முதலிரு ஆண்டுகளில் 15 வீதமும் அதன்பின் 25 வீதமும் அகதிகளை வேலைக்கமர்த்துதல் வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது.

நடந்தது யாது? வழங்கப்பட்ட வேலை அனுமதிப்பத்திரங்களின் தொகை சில ஆண்டுகளில் ஓர் இலட்சத்தைத் தாண்டியது உண்மையே. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை வயலுக்கும் கட்டட வேலைக்கும் உரியன; புதுப்பிக்கப்பட்டவையும் அத்தொகையுள் அடங்கும். பெண்கள் பெற்றவை நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே நின்றன. ஐரோப்பியச் சலுகையைப் பயன்படுத்திய தொழிற்சாலைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. திட்டத்தின் மையமாகக் கருதப்பட்ட ஆடைத் தொழிற்சாலைக்குள் சிரியர் நுழையவேயில்லை என்று சொல்லிவிடலாம்.

சிரியப் பெண்களின் பண்பாடே இதற்குத் தடை என்று காரணங் கற்பிக்கப்பட்டது. பண்பாட்டின்மேற் பழி போடுவது எளிது; பதில் சொல்ல அது வாய் திறப்பதில்லை. உண்மைக் காரணம் வேதனப் பட்டியலிலே கிடந்தது. சஹாப், துலைல், இர்பித் ஆகிய இடங்களிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகள் அமெரிக்கச் சந்தையை நம்பி, வங்காளதேசம், இலங்கை, இந்தியா, நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து தருவிக்கப்பட்ட பெண்களின் உழைப்பில் எழுந்தவை. (அப்பெண்களின் நிலைபற்றி இலங்கைப் பல்கலைக்கழகங்களில் எத்தனை கருத்தரங்குகள் நிகழ்ந்துள்ளன என்பது தனியே கேட்கப்படவேண்டிய கேள்வி.) ஜோர்தானின் பொதுவான குறைந்தபட்ச வேதனம் அவர்களுக்கு இல்லை, அவர்களுக்கென வேறொரு குறைந்த வேதனம். தொழிற்சாலை விடுதியில் உறங்கி, மேலதிக நேரமும் உழைத்து, எஞ்சியதை இலங்கைக் கிராமமொன்றுக்கு அனுப்பும் பெண்ணுக்கு அவ்வேதனம் ஒருவாறு கட்டுப்படியாகலாம். வாடகையையும் குழந்தையின் பாலையும் ஜோர்தான் விலையிலேயே கொடுக்கும் சிரியத் தாய்க்கு அது எவ்வாறு போதும்? தொலைவிலுள்ள வலயத்துக்குப் போக்குவரத்து யார் செலவில்? பகலிற் குழந்தையைப் பார்ப்பவர் யார்? இவ்வினாக்களைத் திட்டமிட்டோர் முதலில் எழுப்பவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அனுமதிப்பத்திரம் ஒரே முதலாளியோடு தொழிலாளியைப் பிணைத்தது. விவசாயத்திற் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகவும், கட்டடத் துறையிலே தொழிற்சங்கம் வாயிலாகவும் அனுமதி வழங்கப்பட்டு அப்பிணைப்புத் தளர்ந்த இடங்களிலேயே சிரியர் பெருந்தொகையாக முன்வந்தனர். முதலாளியை விட்டு விலகும் சுதந்திரம் உள்ளபோதே மனிதர் வேலைக்கு விரும்பி வருவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அகதிகளிடம் திறன் இல்லை, ஆகவே முதலிற் பயிற்சியளிப்போம் என்பது நிறுவனங்கள் விரும்பிச் சொல்லும் மற்றொரு கூற்று. சிரியாவின் நெசவுத் தொழிலுக்குத் தலைநகராய் விளங்கியது அலெப்போ. அத்தகைய நாட்டிலிருந்து வந்தோருக்குத் தையல் கற்பிக்கப் புறப்பட்ட அறியாமையை என்னென்பது! மருத்துவம், பொறியியல், ஆசிரியம் முதலிய தொழில்களின் கதவுகளோ ஜோர்தானியர்க்கென்றே அடைக்கப்பட்டிருந்தன.

இதனை அறிய ஈழத்தமிழர் அரபுநாடு செல்லவேண்டியதில்லை. 1983 இன் பின் தமிழகம் சென்ற அகதிகளின் பிள்ளைகள் பலர் அங்கு பொறியியற் பட்டமும் பெற்றனர். குடியுரிமையோ கடவுச்சீட்டோ இல்லாதவரை ஏற்கப் பெருநிறுவனங்கள் தயங்கின. பட்டதாரிகள் வீடுகளுக்கு வண்ணம் பூசப் போயினர். 2021 இல் முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறிற்று. இவ்விளைஞர்களுக்கு இன்னுமொரு பயிற்சி நெறியைப் பரிசளிப்பதிலும், அரசிடம் சென்று ‘இவர்களை வேலைக்கமர்த்த எமக்கு அனுமதி தருக’ என நிறுவனங்கள் ஒருமுகமாகக் கேட்பது பெரிய உதவியாகும்.

பயிற்சியே வேண்டாம் என்பதன்று வாதம். ஜேர்மனியில் 2016 இல் இயற்றப்பட்ட சட்டம், புகலிடம் மறுக்கப்பட்டவரும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியிற் சேர்ந்தால் அதனை முடிக்கவும், பின் இரண்டாண்டு அத்தொழிலைச் செய்யவும் வழிவகுத்தது. அங்கு பயிலுநர் பட்டறையில் உழைக்கும் காலத்திலேயே ஊதியம் பெறுகிறார், தொழிற்பாடசாலைக்குச் செல்கிறார், இறுதியிற் கிடைக்கும் சான்றிதழ் நாடெங்கும் செல்லுபடியாகும். மொழிப் பரீட்சையில் இடறியோர் பலர். எனினும் அது பயிற்சி. ஊதியமற்ற வேலைக்குச் சூட்டப்பட்ட புனைபெயரன்று.

அகதியை முதலாளியிடம் ஒப்படைப்பதே தவறு என முற்போக்காளர் சிலர் முகஞ்சுளிப்பர். 2016 இற்கு முன்னும் ஜோர்தானிற் சிரியர் உழைத்தனர். அனுமதியின்றி, பிடிபட்டால் முகாமுக்கு அனுப்பப்படுவோம் என்ற அச்சத்துடன் உழைத்தனர். அந்நிலையைக் காட்டிலும் குறையுள்ள அனுமதிப்பத்திரம் மேலானதே. உள்ளூரார் வேலையிழப்பர் என அஞ்சுவோர்க்கும் விடை உண்டு: அகதியை மலிவாக வாங்க இயலும்போதே உள்ளூர்த் தொழிலாளி வெளியே தள்ளப்படுகிறார். இருவர்க்கும் ஒரே வேதனமாயின் முதலாளிக்கு அந்த ஆசையே எழாது.

2024 டிசெம்பரில் அசாத்தின் ஆட்சி வீழ்ந்தபின் ஜோர்தானிலிருந்து சிரியர் பலர் ஊர் திரும்பலாயினர். அலெப்போவில் மீண்டும் பட்டறை திறப்போருள் எத்தனை பேர் கையில், அந்த ஆண்டுகளின் உழைப்புக்குச் சாட்சியாக, எங்கும் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் இருக்கிறது என்று அவ்வலயங்களின் முதலாளிமாரைக் கேட்கவேண்டும்.