பாட்டிக்கு ஏற்ற சில்லு எது?

இறுதியாண்டுத் திட்டப்பணி நெருங்கும்போதெல்லாம் பொறியியல் மாணவர்களிடையே எழும் கேள்வி ஒன்று உண்டு: எந்த மைக்ரோகண்ட்ரோலர் சிறந்தது? 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை எல்லாம் கொண்ட இஎஸ்பி32க்கு முன்னால், ஆர்டுயினோ ஊனோ பலகையில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328 பரிதாபமாகத் தெரியும். என் கருத்தில் அந்தக் கேள்வியே தவறு. யாருக்காகச் செய்கிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மார்சிலிங்கில் வீவக வீடொன்றில் தனியே வாழும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேளையை நினைவூட்டும் சிறு பெட்டி ஒன்றை அவருக்குச் செய்ய வேண்டும். நம்மில் பலர் சிம் லிம் டவரில் இரண்டு வரித் திரை ஒன்றை வாங்கிவந்து, ‘டேக் மெடிசின்’ என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டு முடித்துக்கொள்வோம். கேட்டால், “அதில் தமிழ் வராது” என்போம்.

அது பாதி உண்மைதான். அத்தகைய திரைகளில் பரவலாக உள்ள ஹிட்டாச்சி எச்டி44780 வகையில் ஆங்கிலம் இருக்கிறது, ஜப்பானியக் கதகானாகூட இருக்கிறது. நாமாக வரைந்து சேர்க்க எட்டே எழுத்துகளுக்குத்தான் இடம். (பள்ளிகளுக்கு 2017 முதல் வந்த மைக்ரோபிட்டின் 25 விளக்குகளில் ‘ப’, ‘ட’ எழுதிவிடலாம். ‘ண’ எழுதிப் பாருங்கள்!)

ஆனால் 128க்கு 64 புள்ளிகள் கொண்ட வரைகலைத் திரையை மாட்டினால் நிலைமை மாறுகிறது. 247 எழுத்துக்கும் தனி உரு வேண்டியதில்லை. கால், கொம்பு முதலியவற்றைப் பிரித்து வைத்து, உகர ஊகார வரிசைகளை மட்டும் தனியே வரைந்தால் ஏறத்தாழ 120 உருக்கள் போதும். உருவொன்று 24க்கு 16 புள்ளி என்றால் 48 பைட். மொத்தம் 5,760 பைட். ஒரு வரியில் ஐந்தெழுத்து நிற்கும். ‘மருந்து’ நான்கே எழுத்து.

இனி ஒப்பிடுவோம். 1980இல் வந்த இன்டெல் 8051இன் நிரல் நினைவகம் 4 கிலோபைட், தாங்காது. பிக்16எஃப்877ஏவில் 8,192 சொற்கள். சொல்லுக்கு ஒரு பைட் வைத்தால் நிரலுக்கு 2,432 சொற்களே மிஞ்சும், நெருக்கடிதான். ஏடிமெகா328இல் 32 கிலோபைட். தமிழ் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதன் 2 கிலோபைட் தற்காலிக நினைவகத்தில் பாதியைத் திரையே எடுத்துக்கொள்ளும் என்பதில்தான் கவனம் வேண்டும். கொம்பை எழுத்துக்கு முன்னால் தள்ளும் விதியெல்லாம் சில வரி நிரல்.

மின்கலத்தையும் பாருங்கள். வைஃபையில் அனுப்பும் நேரத்தில் இஎஸ்பி32 இருநூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏடிமெகா சில்லைத் தனியே எடுத்தால், உறக்கத்தில் சில மைக்ரோஆம்பியரோடு நின்றுவிடும். ஊனோ பலகை அப்படியன்று; பலகையைச் சில்லென்று நினைத்து ஏமாந்தவர்கள் நம்மிடையே உண்டு. பாட்டி மருந்தை மறந்தால் வேலையிலிருக்கும் மகளுக்குச் செய்தி போக வேண்டுமென்றால், அப்போது இஎஸ்பி32 தேவைதான்.

ஆக, தடையாக நிற்பது சில்லன்று. வரைந்து வைக்கப்படாத அந்த 120 உருக்களே. ஆளுக்குப் பத்து வரைந்தால் பன்னிரண்டு பேர் போதும். நம் பேரவையில் அதைவிடக் கூடுதலான பேர் இருக்கிறோம்.