பாடவேறுபாடு காணாத கணினித் தமிழாய்வு

உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஏட்டுப்படிகள் யாரிடமிருந்து கிடைத்தன என்பதை முகவுரையில் பதிந்தார், பாடவேறுபாடுகளையும் காட்டினார். எதனை ஏற்றார், எதனை விலக்கினார் என்பதைப் பின்வந்தோர் சரிபார்க்க அதனால் இயன்றது. அம்மரபின் வழிவந்தோர் எனப் பெருமை பேசும் நாம், கணினியைக் கொண்டு சொல் எண்ணும்போது மட்டும் அவ்வொழுக்கத்தைக் கைவிடுவது ஏன்?

பைத்தான் நிரல், அதன் விளைவு, விளக்கவுரை ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் அமையும் ஜுப்பிட்டர் குறிப்பேடு இன்று தமிழ் ஆய்வு மாணவர் கைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது மடிக்கணினியிலும் பென் டிரைவிலும் சிதறிக் கிடக்கிறது. 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி புதியது' எனப் பெயரிட்ட கோப்புகளுள் எது ஆய்வேட்டின் அட்டவணையைத் தந்தது என்பதை எழுதியவரே அறியார். இக்கட்டுரையாளரும் தம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் அந்நிலையில் நின்றவரே. நிரல் இருந்தது, அதே எண் மீண்டும் வரவில்லை.

எண் மாறுவதற்குத் தமிழில் தனிக் காரணங்கள் உள்ளன. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு. இவை நிகரானவை என ஒருங்குறியே வரையறுத்துள்ளமையால் இயல்பாக்கம் செய்து சீராக்கிவிடலாம். 'ஔ' அவ்வாறன்று. ஓரெழுத்தாகத் தட்டச்சு செய்த ஔகாரத்தையும், 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டச்சு செய்ததையும் எந்த இயல்பாக்கமும் ஒன்றாக்காது. சொல்லடைவில் ஔவையார் இருவராகிவிடுகிறார்! ஒரு மாணவர் இதனைக் கண்டு மூலக்கோப்பைத் திருத்துகிறார்; எண்ணிக்கை மாறுகிறது; திருத்திய தடம் எங்கும் இல்லை. இது பாடவேறுபாடன்றி வேறென்ன?

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை இத்தடத்தைக் காக்கிறது. எந்த வரி, எந்நாளில், யாரால், என்ன காரணத்துக்காக மாற்றப்பட்டது என்பது ஒவ்வொரு கமிட்டிலும் பதிவாகிறது. அதனைத் தொலைக் களஞ்சியத்துடன் ஒத்திசைத்தால் படி ஒன்று வேறிடத்திலும் வாழும்.

குறிப்பேட்டை அப்படியே ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்பாரும் உளர். அதுவும் பிழை. குறிப்பேடு உண்மையில் ஒரு ஜேசன் கோப்பு. நிரலோடு விளைவுகளும் இயக்க எண்களும் அதில் கலந்துள்ளன. ஓரெழுத்தும் மாற்றாமல் மறுமுறை இயக்கினாலே கோப்பு மாறிவிடும். உண்மையான திருத்தம் களைகளுக்கிடையே மறைந்துபோகும். எனவே விளைவுகளை நீக்கிய பின்னரே கமிட் செய்தல் வேண்டும். அல்லது ஜுபிடெக்ஸ்ட் கொண்டு எளிய உரைக்கோப்பு ஒன்றை இணையாகப் பேணுதல் வேண்டும். ஏற்றுமுன் முதல் கட்டத்திலிருந்து புதிதாக இயக்கிப் பார்த்தலும் இன்றியமையாதது. கிட்ஹப்பிலிருந்த 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இயக்கிப் பார்த்தவற்றுள் ஏறத்தாழ 24 விழுக்காடே பிழையின்றி இயங்கின. 4 விழுக்காடே பழைய விளைவை மீண்டும் தந்தன. கணினியாளர் நிலையே இதுவாயின் நம் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

'இணையம் சீராக உள்ள நகரத்தார்க்கே இவையெல்லாம்' என்னும் மறுப்பைச் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம் வட்டத்திலும் அடிக்கடி கேட்கிறோம். கிட் இயங்க இணையம் வேண்டுவதில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தவாறே கமிட் செய்யலாம். மூணாறு நகருக்கு இறங்கியபின் களஞ்சியத்துக்கு அனுப்பலாம். மேலும், 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டனர். செய்தியே மறுநாட்காலையில்தான் வெளியே எட்டியது. அத்தகைய நிலத்தில் தமிழ்த் தொழிலாளர் பாடல்களைத் தொகுத்துவிட்டு, ஒரே படியை ஒரே மடிக்கணினியில் வைத்திருப்பவரை எளிமையானவர் என்று பாராட்ட இயலாது. பாடியவர்க்கு அவர் துரோகம் செய்கிறார்.

ஓர் எச்சரிக்கை மட்டும் ஏற்கத்தக்கது. பாடியவர் பெயரும் ஊரும் குறிப்பேட்டின் விளைவுப் பகுதியில் இருந்து, களஞ்சியத்துக்கும் சென்றுவிட்டால், பின்னர் அவற்றை அழித்தாலும் பழைய கமிட்டுகளில் நிலைத்திருக்கும். களஆய்வுத் தரவுகளுக்கு மூடிய களஞ்சியமே தகும். ஆனால் 'என் பிழைகளைப் பிறர் காண்பரே' என்னும் அச்சத்துக்கு இச்சலுகை இல்லை. பிழை திருத்திய வரலாறும் ஆய்வின் பகுதியே.

ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் ஏறுகின்றன. அவற்றின் எண்களைத் தந்த குறிப்பேடுகளை நம் துறைகள் கேட்பதில்லை. பாடத்திட்டத்தை மாற்றும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் ஒரு வினாவை எழுப்பினால் போதும்: இவ்வட்டவணை எந்தக் கமிட்டிலிருந்து வந்தது?